குளிர்கால இருளும் ஜன்னலோரத் தொட்டிச் செடிகளும்

நோர்வேயின் வடகோடியில் உள்ள ஃபின்மார்க் கரையோர நகரங்களில் நவம்பர் மாதத்தின் பிற்பகுதியில் மறைகின்ற சூரியன், மீண்டும் தொடுவானுக்கு மேலே தலைகாட்டுவதற்கு ஜனவரி மாதத்தின் பிற்பகுதி ஆகிவிடுகின்றது. இடைப்பட்ட சுமார் இரண்டு மாதங்களை நோர்வே மக்கள் "இருட்காலம்" என்றே அழைக்கின்றனர். நண்பகலையொட்டிய சில மணி நேரம் வானம் நீலமாக வெளுக்கும். பிறகு அந்த மங்கல் வெளிச்சமும் போய்விடும்.

1980களில் இலங்கையிலிருந்து புகலிடம் தேடி நோர்வே சென்ற தமிழர்களில் கணிசமானோருக்கு முதலில் வேலை கிடைத்தது இந்த வடகரையோர நகரங்களின் மீன் பதனிடும் தொழிற்சாலைகளில்தான். அவர்களில் பலர் பின்னர் ஒஸ்லோவுக்கும் பேர்கனுக்கும் இடம்பெயர்ந்தனர். இருளிலிருந்து அவர்கள் முழுமையாகத் தப்பிவிட்டதாகக் கூற முடியாது. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகல் கூட ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரம் நீடிக்கும். ஒஸ்லோவில் அது ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. லண்டனில் எட்டு மணி நேரத்தைத் தொடுவதில்லை. டொரன்டோவில் ஒன்பது மணி நேரத்தைத் தொடுவதில்லை.

நோர்வேயின் குளிர்கால வீதிகளில் மாலையில் நடப்பவர்கள் ஒரு விடயத்தைக் கவனிக்கத் தவறுவதில்லை. பெரும்பாலான வீடுகளில் திரைச்சீலைகள் இழுத்து மூடப்படுவதில்லை. ஜன்னல் விளிம்பில் ஒரு சிறிய விளக்கு எரியும். அதனருகே வரிசையாகப் பூந்தொட்டிகள் இருக்கும். டிசம்பரில் இவற்றோடு செந்நிற இலைகள் கொண்ட பாயின்செட்டியாவும், நறுமணம் வீசும் ஹயசின்த் கிழங்குப் பூக்களும் சேர்ந்துகொள்ளும். வெளியே மண் உறைந்து கிடக்கும் மாதங்களில் வீட்டுக்குள்ளே ஒரு சிறு தோட்டத்தைப் பேணுவது அங்கே வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு அல்ல. அன்றாட வீட்டு வேலைகளில் ஒன்று.

இந்தச் செடிகள் குளிர்காலத்தில் மனதுக்கு உண்மையிலேயே ஏதேனும் செய்கின்றனவா, அல்லது பார்வைக்கு அழகான பொருட்கள் மட்டும்தானா? கடந்த ஐம்பது ஆண்டு கால ஆய்வுகளைப் பார்க்கும்போது, அவை பயனளிக்கவே செய்கின்றன என்று கூறலாம். ஆனால் செடிகளை விற்பவர்கள் சொல்லும் காரணங்களுக்காக அல்ல.

வெளிச்சமும் மனமும்

குளிர்காலத்தில் மட்டும் வந்து வசந்தத்தில் விலகும் மனச்சோர்வுக்கு மருத்துவ உலகில் ஒரு பெயர் கிடைத்தது 1984ஆம் ஆண்டில். அமெரிக்காவின் தேசிய மனநல ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த நோர்மன் ரோசென்தாலும் அவரது சகாக்களும் இதனைப் "பருவகால மனச்சோர்வு" என்று விவரித்தனர். ரோசென்தால் தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க் நகரிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். வெயில் நிறைந்த நாடு ஒன்றிலிருந்து வந்து, வடக்கின் குளிர்காலத்தில் தனது சொந்த உற்சாகம் குன்றுவதைக் கண்டதே இந்த ஆய்வில் அவருக்கு ஆர்வத்தைத் தூண்டியது. புலம்பெயர்ந்த ஒருவரின் கண்ணுக்கு முதலில் பட்ட நோய் இது என்பது கவனிக்கத்தக்கது.

சாதாரண மனச்சோர்வில் தூக்கமும் பசியும் குறைவது வழக்கம். பருவகால மனச்சோர்வில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடக்கின்றது. எவ்வளவு தூங்கினாலும் போதாமல் இருக்கும். மாவுச்சத்தும் இனிப்பும் நிறைந்த உணவை மனம் நாடும். உடல் எடை கூடும். நண்பர்களைச் சந்திப்பதற்கும் வெளியே போவதற்கும் விருப்பம் இல்லாமல் போகும்.

கண்ணின் விழித்திரையில் உருவங்களைப் பார்ப்பதற்கான கலங்களைத் தவிர, வெளிச்சத்தின் அளவை மட்டும் உணர்ந்து மூளையின் நாட்கடிகாரத்துக்குத் தகவல் அனுப்பும் தனிவகைக் கலங்களும் உள்ளன என்பது 2002ஆம் ஆண்டளவில் உறுதியானது. காலையில் போதிய வெளிச்சம் இந்தக் கலங்களை எட்டாவிட்டால், உறக்கத்துக்குரிய மெலடோனின் சுரப்பின் நேரம் பிசகிவிடுகின்றது. எனவேதான் பருவகால மனச்சோர்வுக்கு, தினமும் காலையில் சுமார் அரை மணி நேரம் பத்தாயிரம் லக்ஸ் வெளிச்சம் தரும் விளக்கின் முன் அமரும் சிகிச்சை பரிந்துரைக்கப்படுகின்றது. ஒப்பீட்டுக்குச் சொல்வதானால், மின்விளக்கு எரியும் ஒரு வரவேற்பறையில் இரவில் கிடைப்பது சில நூறு லக்ஸுக்கும் குறைவு. வெப்ப மண்டல நாடொன்றின் உச்சிவெயிலில் கிடைப்பது ஒரு லட்சம் லக்ஸ் வரை.

இந்த நோய் எவ்வளவு பரவலானது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அமெரிக்காவில் 34 ஆயிரத்துக்கும் அதிகமானோரின் தரவுகளை அலசி 2016இல் வெளியான ஓர் ஆய்வு, மனச்சோர்வின் அளவுக்கும் பருவத்துக்கும் இடையே தெளிவான தொடர்பைக் காணவில்லை. ஆனால் மக்கள்தொகை முழுவதற்குமான சராசரி, குறிப்பிட்ட சிலர் ஒவ்வொரு டிசம்பரிலும் படும் பாட்டை மறைத்துவிடக்கூடும். அந்தச் சிலருக்கு நோய் மெய்யானதே.

நாசாவின் பெயரால்

வீட்டுச் செடிகளைப் பற்றிய பேச்சு எங்கு எழுந்தாலும் முதலில் சொல்லப்படுவது, அவை அறையின் காற்றைச் சுத்தப்படுத்துகின்றன, அதனால் உடலும் மனமும் தெளிவடைகின்றன என்பதுதான். இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது அமெரிக்க விண்வெளி ஆய்வு அமைப்பான நாசாவுக்காக பில் வுல்வர்ட்டன் என்ற அறிவியலாளர் நடத்தி 1989இல் வெளியிட்ட ஆய்வு.

அந்த ஆய்வில் தவறு எதுவும் இல்லை. அதிலிருந்து மற்றவர்கள் எடுத்துக்கொண்ட முடிவில்தான் பிழை உள்ளது. விண்கலம் போன்ற அடைபட்ட இடங்களை மனதில் வைத்து, காற்றுப் புகாத சிறிய பெட்டிகளுக்குள் செடிகளை வைத்து அந்தப் பரிசோதனைகள் நடத்தப்பட்டன. வீடு அப்படிப்பட்டதல்ல. கதவிடுக்கு வழியாகவும் ஜன்னல் வழியாகவும் அதன் காற்று எந்நேரமும் மாறிக்கொண்டே இருக்கின்றது.

அமெரிக்காவின் ட்ரெக்செல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரையன் கமிங்ஸ், மைக்கேல் வேரிங் ஆகியோர் அதுவரை வெளியான இத்தகைய ஆய்வுகளை மீண்டும் கணக்கிட்டு 2019இல் ஒரு முடிவை வெளியிட்டனர். ஒரு கட்டடத்தில் இயல்பாக நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாகச் செடிகள் காற்றைச் சுத்தப்படுத்த வேண்டுமானால், ஒவ்வொரு சதுர மீட்டர் தரைக்கும் 10 முதல் 1,000 செடிகள் வரை தேவைப்படும் என்பதே அது. அவ்வளவு செடிகளை வைத்தால் வீட்டில் மனிதர்கள் நிற்பதற்கு இடம் இருக்காது. பாம்புத்தோல் போன்ற வரிகள் கொண்ட மருள் செடியைப் படுக்கையறையில் வைத்தால் இரவில் பிராணவாயு பெருகும் என்பதும் இதே வகையைச் சேர்ந்த நம்பிக்கைதான். அந்தச் செடி இரவில் கரியமில வாயுவை உள்வாங்குவது உண்மை. ஆனால் ஒரு தொட்டிச் செடி உள்வாங்கும் அளவு, அறையில் உறங்கும் ஒருவர் வெளியிடும் மூச்சோடு ஒப்பிட்டால் பொருட்படுத்தத் தக்கதல்ல.

மண்ணில் உள்ள ஒருவகை நுண்ணுயிரி மனதை மகிழ்விக்கின்றது என்ற செய்தியும் அவ்வப்போது வலம் வருகின்றது. பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் லவ்ரி குழுவினர் 2007இல் வெளியிட்ட அந்த ஆய்வு எலிகளில் நடத்தப்பட்டது. ஆர்வமூட்டும் ஆய்வுதான். தொட்டி மண்ணைக் கிளறும் மனிதருக்கு அதே பலன் கிட்டும் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

பார்வைக்குப் பசுமை

அப்படியானால் எஞ்சுவது என்ன? பசுமையைப் பார்ப்பதே ஒரு மருந்து என்ற கருத்துக்கு அறிவியல் வலு சேர்த்தவர் ரோஜர் உல்ரிச். பென்சில்வேனியா மாநிலத்தின் மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்ற 46 நோயாளிகளின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டார். பாதிப் பேரின் ஜன்னல் மரங்களை நோக்கியிருந்தது. மறுபாதியினரின் ஜன்னல் ஒரு செங்கல் சுவரை நோக்கியிருந்தது. மரங்களைப் பார்த்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினர். அவர்களுக்குக் கடுமையான வலிநிவாரணிகளும் குறைவாகவே தேவைப்பட்டன. இந்த ஆய்வும் 1984ஆம் ஆண்டிலேயே வெளியானது.

ஆனால் அது ஜன்னலுக்கு வெளியே உள்ள மரம். தொட்டிச் செடிக்கு அதே வலிமை உண்டா? நோர்வேயின் டீனா பிரிங்ஸ்லிமார்க்கும் அவரது சகாக்களும் அதுவரை நடந்த பரிசோதனைகளைத் திரட்டி 2009இல் வெளியிட்ட மதிப்பாய்வு, பலன்கள் கலவையானவை என்றே கூறியது. வலியைப் பொறுத்துக்கொள்வதில் சில ஆய்வுகள் நன்மை கண்டன. வேறு சிலவற்றில் மாற்றம் எதுவும் தென்படவில்லை.

அதே ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு, வேறொரு கோணத்தில் முக்கியமானது. நோர்வேயின் அலுவலக ஊழியர்களிடம் அவர்கள் தகவல் திரட்டினர். ஜன்னல் இல்லாத அறைகளில் பணிபுரிவோர் தமது மேசைக்குச் செடி கொண்டுவந்து வைப்பதற்கான வாய்ப்பு, ஜன்னலுள்ளவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிகமாக இருந்தது. யாரும் அவர்களுக்கு அறிவுரை கூறவில்லை. இழந்ததை ஈடுசெய்ய அவர்களாகவே ஒரு வழி தேடியிருக்கின்றனர்.

தண்ணீர் ஊற்றியவர் யார்?

இந்த விவகாரத்தில் மிகவும் சிந்திக்க வைக்கும் ஆய்வு, செடிகளைப் பற்றி அறிவதற்காக நடத்தப்பட்டதே அல்ல. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் ஆகிய இரு உளவியலாளர்கள் நடத்திய ஆய்வு 1976இல் வெளியானது.

இல்லத்தின் ஒரு மாடியில் வசித்த முதியவர்களிடம், தமது அறையை எப்படி அமைப்பது, நேரத்தை எப்படிச் செலவிடுவது என்பதையெல்லாம் அவர்களே தீர்மானிக்கலாம் என்று கூறப்பட்டது. அவர்களுக்கு ஒரு சிறு செடி தரப்பட்டது. வேண்டுமா வேண்டாமா, எந்தச் செடி என்பது அவர்களின் விருப்பம். அதைப் பராமரிப்பது அவர்களது பொறுப்பு. மற்றொரு மாடியில் இருந்தவர்களுக்கும் செடி தரப்பட்டது. ஆனால் தாதியரே தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்வார்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது.

அதாவது இரு தரப்பினர் அறையிலும் செடி இருந்தது. பார்வைக்குக் கிடைத்த பசுமை ஒன்றுதான். சில வாரங்களில் முதல் தரப்பினர் கூடுதல் உற்சாகத்தோடும் சுறுசுறுப்போடும் காணப்பட்டனர். பதினெட்டு மாதங்களுக்குப் பின்னர் ஆய்வாளர்கள் திரும்பி வந்தபோது, முதல் தரப்பின் 47 பேரில் 7 பேர் இறந்திருந்தனர். மறுதரப்பின் 44 பேரில் 13 பேர் இறந்திருந்தனர்.

இந்த எண்களை அளவுக்கு மீறி நம்பிவிடக் கூடாது. ஆய்வுக்கு உட்பட்டவர்கள் சிலரே. மரண எண்ணிக்கையில் உள்ள வேறுபாடு புள்ளியியல் ரீதியாக முதலில் கூறப்பட்ட அளவுக்கு வலுவானதல்ல என்று ஆய்வாளர்களே பின்னர் திருத்தம் வெளியிட்டனர். தவிரவும், செடியோடு வேறு பல தெரிவுகளும் முதல் தரப்பினருக்கு வழங்கப்பட்டிருந்தன. எனினும் அந்த ஆய்வு எழுப்பிய கேள்வி இன்றுவரை உயிரோடு இருக்கின்றது. நலம் தருவது செடியா, அல்லது அதற்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பா?

இரண்டாவதே கூடுதல் உண்மை என்று கருதுவதற்கு வேறு திசையிலிருந்தும் சான்றுகள் கிடைக்கின்றன. 24 இளைஞர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஒரு வீட்டுச் செடியைத் தொட்டி மாற்றி நடும் வேலையையும் கணினி வேலையொன்றையும் அவர்கள் மாறிமாறிச் செய்தனர். மண்ணில் கை வைத்த பின்னர் அவர்களது இரத்த அழுத்தமும் உடலின் பதற்ற நிலையும் தணிந்திருந்தன. அமெரிக்காவின் வேர்மான்ட் பல்கலைக்கழகத்தில் கெல்லி ரோஹன் நடத்திய பருவகால மனச்சோர்வு ஆய்வு இதனினும் வலுவானது. 177 நோயாளிகள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு ஒளிச் சிகிச்சை. மற்றப் பிரிவினருக்கு, குளிர்காலம் பற்றிய எண்ணங்களை மாற்றிக்கொள்வதற்கும் விருப்பமான சிறு காரியங்களில் வலிந்து ஈடுபடுவதற்குமான உளவியல் பயிற்சி. முதல் குளிர்காலத்தில் இரண்டும் சமமாகவே பலனளித்தன. இரண்டு குளிர்காலங்கள் கழித்துப் பார்த்தபோது, ஒளிச் சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 46 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியிருந்தது. பயிற்சி பெற்றவர்களில் அது சுமார் 27 சதவீதம்.

மனச்சோர்வு ஒருவரைப் படுக்கையில் கிடத்துகின்றது. கிடப்பதால் சோர்வு மேலும் கூடுகின்றது. இந்தச் சுழலை உடைக்க, மனம் விரும்பும்வரை காத்திராமல் முதலில் உடல் எழுந்து எதையாவது செய்ய வேண்டும் என்பதே மேற்கூறிய பயிற்சியின் அடிப்படைகளில் ஒன்று. "எதையாவது" என்பதற்கு ஒரு தொட்டிச் செடியைவிடச் சிறிய, மலிவான வேலை கிடைப்பது அரிது. அதைப் பார்க்க ஜன்னலருகே போக வேண்டும். போனால் திரைச்சீலையை விலக்க வேண்டும். நவீன வீட்டில் அந்த நேரத்தில் கிடைக்கக்கூடிய அதிகபட்ச பகல் வெளிச்சம் அந்த ஜன்னலோரத்தில்தான் இருக்கின்றது. அறைக்குள்ளே இரண்டு மூன்று மீட்டர் தள்ளி அமர்ந்தால் அது பல மடங்கு குறைந்துவிடும். மருத்துவ விளக்குக்கு அது ஈடாகாது என்றாலும், படுக்கையறையின் இருளோடு ஒப்பிட்டால் வேறுபாடு பெரியது.

வடநோர்வேயின் ட்ரொம்சோ நகரில் 2014 முதல் ஆய்வு செய்த அமெரிக்க உளவியலாளர் கேரி லீபோவிட்ஸ், அங்குள்ளவர்கள் குளிர்காலத்தை ஒரு தண்டனையாகவன்றி, ரசிப்பதற்கு நிறைய உள்ள ஒரு பருவமாகவே பார்ப்பதைக் கண்டார். வடக்கே போகப்போக இந்த மனப்பாங்கு வலுத்தது என்றும், அது வாழ்க்கைத் திருப்தியோடு தொடர்புடையது என்றும் அவரது ஆய்வு கூறியது. ஜன்னல் விளிம்பின் விளக்கும் செடியும் அந்த மனப்பாங்கின் கண்ணுக்குத் தெரியும் வடிவங்கள் எனலாம்.

பாயின்செட்டியாவின் கதை இதற்குப் பொருத்தமானது. மெக்சிகோவுக்குரிய அந்தச் செடியை அமெரிக்காவுக்கு அறிமுகப்படுத்தியவர், 1825இல் அங்கு முதலாவது தூதராகச் சென்ற ஜோயல் பாயின்செட். தூதர் உள்நாட்டு அரசியலில் தலையிட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டுத் திருப்பி அழைக்கப்பட்டார். செடி நிலைத்துவிட்டது. அதன் இலைகள் சிவப்பதற்கு வெளிச்சம் அல்ல, நீண்ட இரவுகளே தேவை. பல வாரங்கள் தொடர்ந்து நாளொன்றுக்கு சுமார் 14 மணி நேர இருள் கிடைத்தால்தான் அது நிறம் மாறும். நோர்வே மொழியில் அதற்கு "கிறிஸ்மஸ் நட்சத்திரம்" என்று பெயர்.

கறிவேப்பிலையின் குளிர்காலம்

புலம்பெயர்ந்த தமிழர் வீடுகளில் குளிர்கால ஜன்னலோரத்தில் இடம்பிடிப்பது பெரும்பாலும் வேறொரு செடி. ஒஸ்லோவிலும் லண்டனிலும் டொரன்டோவின் ஸ்காபரோ பகுதியிலும் கறிவேப்பிலைக் கன்று ஒன்றைத் தொட்டியில் காப்பாற்றிவரும் குடும்பங்கள் ஏராளம். கடையில் வாங்கினால் சில இணுக்குகளுக்குக் கொடுக்க வேண்டிய விலை ஒரு காரணம். ஆனால் அது மட்டுமே காரணமாக இருந்தால், மாதக்கணக்கில் ஓர் இலை கூடத் தராத செடியை யாரும் இத்தனை கவலையோடு பேண மாட்டார்கள்.

இந்தச் செடிக்கும் வட ஐரோப்பாவுக்கும் எதிர்பாராத ஒரு பழைய தொடர்பு உண்டு. கறிவேப்பிலையின் தாவரவியல் பெயரின் பின்பாதி, யோஹான் கேர்ஹாட் கோனிக் என்ற மருத்துவரின் பெயரிலிருந்து வந்தது. தாவரங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த சுவீடனின் லின்னேயஸிடம் பயின்ற அவர், 1768இல் தரங்கம்பாடிக்கு அனுப்பப்பட்டார். அப்போது தரங்கம்பாடி டென்மார்க் மன்னரின் ஆளுகையில் இருந்தது. அதே மன்னரே நோர்வேயையும் ஆண்டார். தமிழகக் கரையிலிருந்து வடக்கே சென்ற தாவரக் குறிப்புகளுக்கு இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, செடியே தமிழர்களின் கையில் நோர்வேயின் ஜன்னல் விளிம்புக்கு வந்து சேர்ந்திருக்கின்றது.

எல்லா நாடுகளிலும் இது எளிதானதல்ல. எலுமிச்சை, தோடை மரங்களை அழிக்கும் பசுமை நோயைப் பரப்பும் பூச்சிக்குக் கறிவேப்பிலையும் உணவாகும். அந்த நோய் 2005இல் ஃப்ளோரிடாவில் கண்டறியப்பட்டது. இதனால் அமெரிக்காவில் கறிவேப்பிலைக் கன்றுகளை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுசெல்வதற்குக் கட்டுப்பாடுகள் உள்ளன. பெட்டிக்குள் கன்றை மறைத்துக் கொண்டுவரும் உறவினர்கள் இதனை அறிந்திருப்பது நல்லது.

குளிர்காலத்தில் இந்தச் செடியை வீட்டுக்குள் வைத்திருப்பவர்கள் பெரும்பாலானோர் ஒரே தவறைச் செய்கின்றனர். வெளிச்சமும் வெப்பமும் குறையும்போது கறிவேப்பிலை இலைகளை உதிர்த்து ஓய்வு நிலைக்குச் சென்றுவிடும். அது செடியின் இயல்பு. செடி வாடுகிறதே என்று பதறி நாள்தோறும் தண்ணீர் ஊற்றும்போது, உறிஞ்ச முடியாத நீரில் வேர் அழுகிவிடுகின்றது. குளிர்காலத்தில் வீட்டுச் செடிகள் சாவது தாகத்தால் அல்ல, பெரும்பாலும் அன்பு மிகுதியால் என்று சொன்னால் மிகையாகாது. விரலை மண்ணில் ஓர் அங்குலம் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றுவதே போதுமானது. உரம் இட வேண்டியதில்லை. நோர்வே வீடுகளில் மின்சார ஹீட்டர்கள் பெரும்பாலும் ஜன்னலுக்கு நேர் கீழே பொருத்தப்பட்டிருக்கும். அதிலிருந்து எழும் உலர்ந்த சூடு நேரடியாகப் படாத இடமும், தெற்கு நோக்கிய ஜன்னலும், முடிந்தால் செடிகளுக்கென விற்கப்படும் ஓர் எல்.ஈ.டி. விளக்கும் கிடைத்தால் செடி குளிர்காலத்தைக் கடந்துவிடும்.

கறிவேப்பிலையோடு மல்லுக்கட்ட விரும்பாதவர்களுக்கு, மணி பிளான்ட் என்று அறியப்படும் கொடியும் மருளும் குறைந்த வெளிச்சத்தையும் மறதியையும் ஒருசேரப் பொறுத்துக்கொள்பவை. சிறு பிள்ளைகளோ வளர்ப்புப் பிராணிகளோ உள்ள வீட்டில் டீஃபன்பாக்கியா போன்ற, மென்றால் வாயையும் தொண்டையையும் வீங்கச் செய்யும் செடிகளைத் தவிர்ப்பது அவசியம்.

முதியவர்களின் டிசம்பர்

கனெக்டிகட் ஆய்வு இன்று வெளிநாடுகளில் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு நேரடியாகவே பேசுகின்றது. பிள்ளைகளோடு வாழவென்று வந்த தாய் தந்தையர் பலர் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் அடுக்குமாடி வீட்டுக்குள்ளேயே இருக்கின்றனர். பிள்ளைகள் விடிவதற்கு முன் வேலைக்குப் போய் இருண்ட பின் திரும்புகின்றனர். வெளியே வழுக்கும் பனி. வீதியில் பேசப்படும் மொழி புரியாது. ஊரில் முற்றம் கூட்டி, பூமரங்களுக்குத் தண்ணீர் விட்டு, கோழிக்குத் தீனி போட்டுக் காலைப் பொழுதைக் கழித்தவர்களுக்கு இங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. அவர்களைச் சிரமப்படுத்தக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், இருக்கும் சிறு வேலைகளையும் பிள்ளைகள் பறித்துவிடுவதுண்டு. "நீங்கள் இருங்கோ அம்மா, நாங்கள் பாக்கிறம்" என்பது, அந்த முதியோர் இல்லத்தின் இரண்டாவது மாடியில் தாதியர் சொன்னதற்குத் தமிழ் மொழிபெயர்ப்பு.

இவர்கள் "மனச்சோர்வு" என்ற சொல்லைப் பயன்படுத்துவது அரிது. உடம்புக்கு ஏலாது, கைகால் உளைகிறது, நித்திரை சரியில்லை என்றே கூறுவார்கள். மருத்துவரிடம் மொழிபெயர்ப்பாளராகச் செல்லும் மகனோ மகளோ அதை மூட்டு வலியாகவே எடுத்துரைப்பதால், நோய் அடையாளம் காணப்படாமலே போகும் அபாயம் உள்ளது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கருமையான தோல் கொண்டவர்களுக்கு வடநாடுகளின் மங்கிய வெயிலில் வைட்டமின் டி போதிய அளவு உருவாவதில்லை. அதன் குறைபாடும் களைப்பையும் உடல் வலியையும் தரும். பிரிட்டனின் சுகாதாரத் துறை இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் அனைவரும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்வது பற்றிச் சிந்திக்குமாறு கூறுகின்றது. தெற்காசியப் பின்னணி கொண்டவர்கள் ஆண்டு முழுவதும் அதனை எடுத்துக்கொள்வது பற்றி யோசிக்கலாம் என்பதும் அதன் அறிவுரை. ஜன்னலுக்கு உள்ளே இருந்து வெயில் காய்வதால் இந்தக் குறைபாடு தீராது. கண்ணாடி அதற்குத் தேவையான கதிர்களைத் தடுத்துவிடும்.

இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலும் நாட்டமின்றி இருப்பவருக்கும், வாழ்வதில் பயனில்லை என்று பேசத் தொடங்குபவருக்கும் செடி வாங்கிக் கொடுப்பது சிகிச்சை அல்ல. அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே முறை. ஒளிச் சிகிச்சை விளக்கையும் கண் நோய் உள்ளவர்களும், மிகை எழுச்சியும் சோர்வும் மாறிமாறி வரும் மனநோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது.

அந்த நிலைக்கு இன்னமும் போகாதவர்கள்தான் அதிகம். அத்தகைய ஒரு தாய்க்கோ தந்தைக்கோ நவம்பரில் ஒரு கறிவேப்பிலைக் கன்றை வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகள், அதற்குத் தாங்கள் தண்ணீர் ஊற்றாமல் இருப்பதே முக்கியம். எந்த ஜன்னலில் வைப்பது என்பதையும் அவரே தீர்மானிக்கட்டும். ஜனவரியில் இலை உதிரும்போது அது சாகவில்லை என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

ட்ரொம்சோவில் ஜனவரி 21ஆம் திகதியளவில் சூரியன் மலைகளுக்கு மேலே மீண்டும் தெரியும்போது மக்கள் இனிப்புப் பணியாரம் உண்டு கொண்டாடுவர். கறிவேப்பிலைக்கு அது போதாது. மார்ச் மாதம் நெருங்க நெருங்கத்தான் மொட்டைக் கிளையின் நுனியில் செம்பச்சை நிறத்தில் துளிர் கிளம்பும். வெயிலைக் கண்டதும் தொட்டியை பால்கனிக்குத் தூக்கும் அவசரம் மட்டும் வேண்டாம். ஒஸ்லோவில் ஏப்ரல் மாத இரவுகளில் இன்னமும் உறைபனி விழும். நோர்வேயின் தேசிய தினமான மே 17 கடந்த பின்னர், முதலில் பகலில் மட்டும் சில மணி நேரம், நிழலில்.